தடுக்கி விழும் மெட்டு

மார்ச் 4

அன்புத் தங்கை ஊசிக்கு,

இங்கே நான் சௌக்கியமாத்தான் இருக்கேன். கீழ்வரிசைப் பல் ஒண்ணு மட்டும் குளிர்ந்த தண்ணி பட்டா என்னைத் திட்டுது. நீ எப்படி இருக்கே? அம்மாவோட முட்டிவலி எப்படி இருக்கு? உன்னை மாதிரி புத்தகத்துல வர்ற மாதிரி எழுத எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன், சகிச்சுக்கோ. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னாடி இங்கே ஆபீஸ்ல ஒருத்தர் படிச்சு முத்திரை குத்துவார். அவருக்கு 'முதல் வாசகர்'னு பேர் வச்சிருக்கேன். முதல் வாசகருக்கும் என் வணக்கம்.

விஷயத்துக்கு வரேன். அப்பீலை எடுத்துக்கிட்டாங்க. புது வக்கீல் கெட்டிக்காரர். குடிச்சிட்டு ஓட்டி ஒருத்தர் சாகக் காரணமா இருந்தேன்னுதானே ஆறு வருஷம் கொடுத்தாங்க? அதுல 'குடிச்சிட்டு'ங்கறதுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த ரத்தப் பரிசோதனை. அது ஆட்டம் கண்டா மிச்சம் வெறும் கவனக்குறைவுதான், ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும்னு சொல்றார். ஒரு வருஷம் ஏற்கனவே போயாச்சு.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி கையை ஸ்பிரிட்டால துடைச்சாங்க. ஸ்பிரிட்டே சாராயம். அப்புறம் ரத்தத்துல தெரிஞ்சது என் குடியா அவங்க பஞ்சான்னு யார் சொல்றது? இந்தப் பரிசோதனைக்கு ஸ்பிரிட் கூடாது, பழுப்பு மருந்துதான் போடணும்னு நீயே எனக்குப் பாடம் எடுத்திருக்கே. பழுப்பு மருந்து போட்டிருந்தா தோல்ல கறை நிக்கும். அன்னிக்கு சாயங்காலம் வார்டுக்கு முதல்ல வந்தது நீ. கறை இருந்ததா? இல்லேன்னா அதை ஒரு பிரமாணப் பத்திரமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. இவ்வளவுதான். நீ ஒரு நாளைக்கு ரத்த ரிப்போர்ட்டுல இருநூறு கையெழுத்துப் போடறவ.

அம்மாவைக் கேட்டதா சொல்லு.

உன் அண்ணன்

&nbsp;

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது. இதுவரை ஜெயித்திருப்பது மாடிப்படிதான். உன் பல்லை அங்கே யாராவது பார்ப்பார்களா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

கறை இல்லை. இதை யோசிக்காமலே சொல்ல முடிகிறது. ரத்தம் எடுக்கும் இந்த வேலைக்கு வந்த பிறகு, பேருந்தில் எதிரே உட்காருபவரின் முகம் தெரிவதற்கு முன்பு எனக்கு அவருடைய முழங்கை மடிப்புதான் தெரிகிறது. நரம்பு நல்ல நரம்பா, ஓடும் நரம்பா என்று பார்த்துவிட்டுத்தான் மனிதரைப் பார்க்கிறேன். அன்று மாலை உன் படுக்கைக்கு அருகில் வந்ததும் முதலில் பார்த்தது இடது கையைத்தான். வெள்ளை பிளாஸ்திரி, அதைச் சுற்றிச் சுத்தமான தோல். பழுப்பு எங்கும் இல்லை.

பார்த்ததை எழுதித் தருகிறேன். அதில் எனக்குத் தடை இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்தார்கள் என்று உனக்குச் சொன்னது யார்? ரத்தம் எடுத்த நர்ஸை விசாரணையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அது இல்லை. புது வக்கீலின் யோசனையா? அப்படியென்றால் நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கண்ணால் பார்த்ததை எழுதுவது வேறு. இன்னொருவர் கட்டும் வீட்டுக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பது வேறு.

வெயிலில் அதிக நேரம் நிற்காதே. படுக்க விரிப்பு போதுமா?

அன்புடன்,
தங்கை

&nbsp;

மார்ச் 27

அன்புள்ள ஊசி,

விரிப்பு போதும், பல்லுக்கு உப்புத் தண்ணியும் கிடைச்சது. உன் வைத்தியத்துக்கு இங்கே நல்ல பேர். நீங்க ரெண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கோங்க.

யாரும் சொல்லல. வக்கீலுக்கே நான்தான் சொன்னேன். நான் உணர்ந்தேன். பஞ்சு பட்டதும் சில்லுனு ஏறிச்சு, காத்து பட்டதும் இன்னும் சில்லுனு ஆச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்லாம போச்சு. பழுப்பு மருந்துன்னா பிசுபிசுன்னு அங்கேயே உக்காந்திருக்கும். மறந்துட்டியா, நீ படிக்கறப்போ ஆறு மாசம் குத்திப் பழகின கை இது. ஒரு தடவை நாலு குத்துக்கு ஒரு சொட்டுகூட வராம நீ அழுதே, குத்து வாங்கின நான் உனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணைக் கட்டி விட்டாலும் எது ஸ்பிரிட், எது மருந்துன்னு இந்தக் கை சொல்லிடும்.

என்னை இப்போ புத்தகம் தைக்கற பகுதியில போட்டிருக்காங்க. பெரிய பெரிய பதிவேடு. ஊசி, நூல். உன் ஞாபகம் வராம எப்படி இருக்கும்?

இன்னொரு விஷயம், நீ எல்லாப் பாட்டும் கேக்கறவ, அதனால கேக்கறேன். ஒரு மெட்டு தலைக்குள்ள புகுந்துக்கிட்டு வெளியே போக மாட்டேங்குது. வார்த்தை கிடையாது. நாலு படி மேல ஏறும், ரெண்டு படி இறங்கும், அடுத்த படியில தடுக்கி விழும். விழுந்ததும் எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி முடிச்சுக்கும். நூல் கோக்கும்போதெல்லாம் வருது. பக்கத்துல உக்காந்திருக்கறவர், ஒண்ணு முழுசா பாடு, இல்லேன்னா வாயை மூடுங்கறார். உனக்கு ஏதாவது பிடிபடுதா?

பத்திரத்தை சீக்கிரம் எழுது.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இருவர் விடுப்பில் போனார்கள், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றும் அவர்களோடு சேர்ந்து படுத்துவிட்டது. இவை உண்மையான காரணங்கள்தாம். ஆனால் முழுக் காரணங்கள் இல்லை. அம்மா நலம். உன் பல்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த மெட்டு எனக்குப் பிடிபடவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு வழக்குக் காகிதங்களை மதிய இடைவேளைகளில் படிக்கத் தொடங்கினேன். விசாரணையின்போது அங்கேயே உட்கார்ந்திருந்தும் நான் எதையும் கேட்டிருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. கேட்பதற்கும் காதில் விழுவதற்கும் இவ்வளவு தூரமா?

உங்கள் கம்பெனியின் விருந்து ஒன்றரை மணிக்கு. நீ கிளம்பியது இரண்டரைக்கு. கார் அந்தக் கடிகாரக் கடைக்காரரின் சைக்கிளை இடித்தது இரண்டே முக்கால் சுமாருக்கு. லாரிக்காரர் ஒருவர் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தது மூன்றே காலுக்கு. ஆள் நடமாட்டம் இல்லாத சாலை என்பதால் நடுவில் வேறு யாரும் வரவில்லை. கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். தொடையிலிருந்து மெதுவாகப் போன ரத்தம். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீ சொன்னது இது, அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "ஸ்டியரிங்கில் நெற்றி மோதியது வரை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவு வந்தது மறுநாள் காலை, வார்டில்." நினைவில்லாமல் கிடந்தவன் உதவிக்கு அழைக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது என்று நீதிபதியும் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்.

ரத்தம் எடுத்தது அன்றே, நாலேகால் மணிக்கு.

நான் வந்தது ஆறு மணிக்கு. நீ கண் திறக்கவில்லை. நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை உன்னிடம் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியுமா அண்ணா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 29

ஊசிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

நீ சாட்சியா, எதிர்க்கட்சி வக்கீலா? உன்கிட்ட கேட்டது கறை இருந்ததா இல்லையான்னு ஒரு வரி. நீ என்னடான்னா தீர்ப்பைப் பிரிச்சு வச்சு எனக்கே வாசிச்சுக் காட்டறே. தலையில அடிபட்டவனுக்கு மயக்கம் ஒரே சீரா இருக்குமா? வரும், போகும். பஞ்சு பட்டப்போ வந்திருக்கும், ஊசி குத்தினதும் போயிருக்கும். ஆஸ்பத்திரியில வேலை பார்க்கற உனக்கு இதை நான் சொல்லணுமா? நீ பேசினது ஒண்ணும் எனக்குக் கேக்கல. நீ அழுததுகூட எனக்குத் தெரியாது.

உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. யாராவது வந்து உன்னைப் பார்த்தாங்களா? அந்தக் கடைக்காரம்மா? இல்ல அவங்க பக்கத்து ஆள் யாராவது? உன் எழுத்துல வேற யாரோ உக்காந்திருக்கற மாதிரி தெரியுது.

ஆறு வருஷம்னா என்னன்னு உனக்குத் தெரியாது. நான் வெளியே வர்றப்போ அம்மா என்னை அடையாளம் கண்டுபிடிக்கணும். யோசிச்சுப் பாரு.

அண்ணன்

&nbsp;

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்து இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

என்னை யாரும் வந்து பார்க்கவில்லை. வந்தது உன் வக்கீல் மட்டும்தான். போன வாரம் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, தட்டச்சு செய்த பத்திரத்தை மேஜையில் வைத்தார். படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டியில்லை. அவரிடம், இதில் பொய் இல்லையே, பிறகு ஏன் எனக்குப் பொய்யில் கையெழுத்துப் போடுவதுபோல இருக்கிறது என்று கேட்டேன்.

"பார்த்ததை எழுதறீங்க, பார்க்காததை எழுதல," என்றார். "அதுக்கு மேல யோசிக்கறது என் வேலை, உங்க வேலை இல்லம்மா."

அம்மா வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "ஊர்ல இருக்கறவங்க ரத்தத்தை எல்லாம் பார்த்து எழுதிக் கொடுக்கறா. கூடப் பிறந்த ரத்தத்துக்கு எழுத மாட்டாளாம்." அன்றிலிருந்து தேவைக்குத்தான் பேசுகிறாள். எனக்கான தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

வழக்குக் காகிதங்களின் கடைசியில் போலீஸ் எடுத்த சாமான்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சாலையிலிருந்து: சைக்கிள், கருவிப்பெட்டி, அட்டைப் பெட்டிக்குள் துணி சுற்றிய பேட்டரி கடிகாரம் ஒன்று. காரிலிருந்து: வேலை செய்யும் நிலையில் போன் ஒன்று, காலித் தண்ணீர் பாட்டில் இரண்டு, பிரித்த பெப்பர்மின்ட் பாக்கெட் ஒன்று, அதன் காகிதங்கள் பதினொன்று, எல்லாம் ஓட்டுநர் இருக்கையின் கீழே.

இதைப் படித்த நாளிலிருந்து நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்த புதிது. குடித்தது உடம்பிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று தானாகவே குறையும் என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். நீ, "அப்போ சும்மா உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருந்தா உங்க மெஷினை ஏமாத்திடலாம்னு சொல்லு," என்றாய். நான் சிரித்தேன். குடித்து முடித்த முதல் ஒரு மணி நேரம் ரத்தத்தில் அது ஏறத்தான் செய்யும், குறையாது என்பதை அன்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. பாதிப் பாடம்தான் எடுத்தேன்.

அந்தத் தண்ணீரை எப்போது குடித்தாய்?

இன்னொன்று. அன்று மாலை நான் அழுததாக எந்தக் கடிதத்திலும் உனக்கு எழுதவில்லை.

தங்கை

&nbsp;

ஜூன் 13

ஊசிக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல்னு படிச்சதும் ஒரு வேலையும் ஓடல. டாக்டரைப் பார்த்தீங்களா?

தண்ணி காலையில இருந்து வண்டியில குடிச்சது. கடைகடையா ஏறி இறங்கிப் பெயின்ட் விக்கறவன் வண்டியில தண்ணி பாட்டில் இல்லாம என்ன இருக்கும்? பெப்பர்மின்ட்டும் அதேதான், வாய் நாத்தத்தோட யார்கிட்ட போய் என்ன விக்கறது. தங்கச்சி அண்ணனுக்காக அழாம பின்னே யாருக்காக அழுவா, அதுக்கு ஒரு ஜோசியக்காரன் வேணுமா?

நம்ம கடிதத்தை முதல் வாசகர் படிக்கிறார். அதை ஞாபகம் வச்சுக்கிட்டு எழுது.

அந்த மெட்டு இன்னும் இருக்கு. அதை மட்டுமாவது கண்டுபிடிச்சுச் சொல்லேன், உன் துப்பறியும் புத்திக்கு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

அண்ணன்

&nbsp;

ஜூலை 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா தேறிவிட்டாள். டாக்டரைப் பார்த்தோம், பயப்பட ஒன்றுமில்லை. பல் எப்படி இருக்கிறது?

உன் மெட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை அந்தக் கடிகாரக் கடைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. ஏன் போகிறேன் என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. வாட்ச் பின்தங்கி ஓடுகிறது என்று சொல்ல முடிவு செய்திருந்தேன். சின்னக் கடை. கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடிக் குமிழ், கையில் இடுக்கி. கணவரிடம் பார்த்துப் பழகிய வேலையை இப்போது அவரே செய்கிறார் போலிருக்கிறது. சுவரில் பத்துப் பன்னிரண்டு கடிகாரங்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மணிகளோடு.

வாட்சை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

"வாட்ச் சரியாத்தான் ஓடுது," என்றார். "கோர்ட்டுல மூணாவது பெஞ்சுல உக்காந்திருப்பீங்க. வேற என்ன பார்க்க வந்தீங்க?"

தெரியவில்லை என்றேன். சமாதானத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தாலும் சரி, மன்னிப்புக் கேட்டு வந்தாலும் சரி, இரண்டுக்கும் இந்தக் கடையில் இடமில்லை என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு மறுபடியும் குமிழைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். அப்போது அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரம் பாடியது.

நாலு படி ஏறியது. இரண்டு படி இறங்கியது. அடுத்த படியில் தடுக்கி விழுந்தது. எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல முடித்துக்கொண்டது. பிறகு மணிக்கு ஒன்றாகப் பதினொரு அடி அடித்தது.

நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து அவராகவே சொன்னார். "அன்னிக்கு அவர் எடுத்துட்டுப் போனது இதுதான். கேஸ் முடிஞ்சு கொடுத்தாங்க. கடிகாரத்துக்குச் சொந்தக்காரங்க வேணாம்னுட்டாங்க. எட்டுத் தடவை பிரிச்சுப் பார்த்தார், அந்த ஒரு சத்தம் மட்டும் அவருக்கு வசப்படவே இல்ல. அந்த இடம் வந்தா காது கூசும் அவருக்கு, பல்லைக் கடிச்சுக்குவார். சரி, இருக்கறபடியே கொடுத்துட்டு வந்துடறேன்னு கிளம்பினார்."

இப்படித் தடுக்கும் கடிகாரம் வேறு இருக்குமா என்று கேட்டேன். "சுத்தியல் வளைஞ்சு போய்த் தடுக்குது. இதே மாதிரி வளைஞ்சது இன்னொண்ணு எங்கிருந்து வரும்?" என்றார்.

வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 5

ஊசிக்கு,

பல்லைப் பிடுங்கிட்டாங்க. கதையைக் கேளு. டாக்டர் வர்றார் வர்றார்னு ரெண்டு மாசம் சொன்னாங்க. வந்தவர் மொதல்ல பக்கத்துப் பல்லைப் பிடிச்சு ஆட்டினார். அது இல்ல சார்னு சொல்ல வாயில இடம் இல்ல. கையை ஆட்டி ஆட்டிக் காட்டினதும்தான் விட்டார். வேர் ரெண்டாப் பிரிஞ்சு இருந்ததாம். வெளியே எடுத்துக் கையில கொடுத்தார். இவ்வளவு சின்ன சாமான் இவ்வளவு வலி வச்சிருந்ததான்னு பார்த்தேன். வீக்கம் வத்த நாலு நாள் ஆகும்னார். கஞ்சிதான் குடிக்கறேன். பதிவேடு நூத்திப்பத்துத் தைச்சாச்சு. மழை நல்லாப் பெய்யுது. அங்கே எப்படி?

அந்தக் கடைக்கு இனிமே போகாதே. உன் வாட்ச் நல்லாத்தானே ஓடிச்சு.

மெட்டு இப்போ வர்றதில்ல.

அண்ணன்

&nbsp;

செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல் போனதில் நிம்மதி. வீக்கம் வற்றியிருக்கும். இங்கும் மழைதான். அம்மா குடை எடுக்காமல் போய் நனைந்துவிட்டு வந்து என்னைத் திட்டுகிறாள். அதாவது பேசத் தொடங்கிவிட்டாள்.

அப்பீல் விசாரணை அக்டோபர் பத்தாம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பாவது பத்திரம் கைக்கு வர வேண்டும் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

முதல் வாசகர் படிப்பார் என்று தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும். அந்தக் கடிகாரம் மெட்டு முடிந்ததும் மணி அடிக்கும். நீ கேட்டபோது எத்தனை அடித்தது?

நீ அந்த மெட்டை விசாரணை நாளில் கேட்டிருக்கலாம். சாமான்களையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்த நாளன்று நானும் இருந்தேன். காலை பத்தரைக்கு உட்கார்ந்த கோர்ட் பன்னிரண்டு அடித்ததும் எழுந்துவிட்டது. கடிகாரம் பாடியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அன்று எனக்கு எதுதான் காதில் விழுந்தது? ஆகவே நீ பதினொன்று என்றோ பன்னிரண்டு என்றோ எழுதினால் நம்பிவிடுவேன். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பேன். திரும்பவும் எதையும் கேட்க மாட்டேன், நீ வெளியே வந்த பிறகும் கேட்க மாட்டேன். இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கஞ்சியை நிறுத்திவிட்டு நன்றாகச் சாப்பிடு.

தங்கை

&nbsp;

செப்டம்பர் 29

ஊசிக்கு,

பல் இருந்த இடம் ஆறிடுச்சு. நீ எப்படி இருக்கே? அம்மா எப்படி இருக்காங்க? பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதுக்குக் காரணம் பல் இல்ல.

மூணு.

இதோட முடிச்சு ஆபீஸ்ல கொடுத்தேன். முதல் வாசகர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "என்னப்பா இது, மூணுன்னு மட்டும் இருக்கு, ஏதாவது ரகசிய பாஷையா?"ன்னார். இல்ல சார், மணின்னு சொன்னேன். உன் கடிதத்தை அவரும்தானே படிச்சிருக்கார். "அப்போ மிச்சத்தையும் எழுதிடு. பாதிக்கு நான் முத்திரை போடறதில்ல"ன்னு சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதனால எழுதறேன்.

நெத்தி மோதினது நிஜம். மயக்கம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. கண்ணைத் திறந்தப்போ அவர் என் வண்டி முன்கண்ணாடிக்கு நேரா ரோட்டோரத்துல படுத்திருந்தார். உயிரோட இருந்தார். போன் என் மடியில இருந்தது. கூப்பிட்டா போலீஸ் வந்து ஊதச் சொல்லுவாங்களே, கொஞ்சம் குறையட்டும்னு நினைச்சேன். தண்ணியைக் குடிச்சேன். பெப்பர்மின்ட்டை ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு உக்காந்திருந்தேன். லாரி சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கிட்டேன். மூடினவன் மறுநாள்தான் திறந்தேன். அன்னிக்கு சாயங்காலம் நீ பேசினது எல்லாம் கேட்டேன். எங்க அண்ணன் வேணும்னே யாரையும் சாக விடறவன் இல்லன்னு அந்த நர்ஸ்கிட்ட சண்டை போட்டியே, அதையும்.

நீ எடுத்தது பாதிப் பாடமா முழுப் பாடமாங்கறது இல்ல விஷயம். அதை வச்சு நான் பண்ணது என்னோடது. அதுல பங்கு கேட்டு வராதே.

வக்கீலை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். இதை அவர்கிட்ட நானே எழுதிக் கொடுக்கப் போறேன். கறை இல்லைங்கறதும் நிஜம்தான், அதனால நீ உன்னோடதுல கையெழுத்துப் போடு. ரெண்டும் சேர்ந்து போகட்டும். அம்மாகிட்ட நான் சொல்றேன். அடுத்த தடவை அவங்க என்னைப் பார்க்க வர்றப்போ நேர்ல சொல்றேன். நீ முந்திக்காதே.

மூணு மணிக்கு அது பாட ஆரம்பிச்சப்போ அவர் என்னைப் பார்த்துக்கிட்டிருந்தார். சத்தம் வந்ததும் தலையை அந்த அட்டைப் பெட்டி பக்கம் திருப்பினார். நாலு படி ஏறிச்சு, ரெண்டு படி இறங்கிச்சு. தடுக்கின இடத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டார். கடைசி அடி வரைக்கும் கேட்டு முடிச்சார். அப்புறம்தான் திரும்பவும் என்னைப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அண்ணன்